இரண்டு புழுவுக்கு ஒரே கட்டம்

மார்ச் 2, புதன்

பதினோராம் வகுப்புக்குத் தட்டைப்புழுக்கள் ஆரம்பித்தேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் பத்து வாரம். வழக்கம்போல ஒரு காகிதப் பட்டையை மேசைமேல் வைத்து, இது ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். மீரிம் மட்டும் கை தூக்கினாள். இரத்தக் குழாய் கிடையாது, மூச்சுறுப்பு கிடையாது, ஆக்சிஜன் தோல் வழியாகத்தான் ஊறிப் போக வேண்டும், உடம்பு தடிமனாக இருந்தால் நடுவில் இருக்கிற செல்லுக்குப் போய்ச் சேராது என்றாள். சரியான விடை. மற்றவர்கள் சன்னல் வழியே கூரைப் பனி சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் தாளைக் கொடுத்தேன். ஒரே தாள். முன்பக்கம் பொதுப் பண்புகள்: மூன்று செல் அடுக்கு, உடற்குழி இல்லை, இருபக்கச் சமச்சீர், ஒரே வாய், மலத்துளை இல்லை, கழிவுக்குச் சுடர் செல், ஏணி போல நரம்பு, ஓர் உடலிலேயே இரு பால். பின்பக்கம் அட்டவணை. 2009-ல் நான் தயாரித்தது. இந்தப் பள்ளத்தாக்கில் நான்கு பள்ளிகள் நகல் எடுத்து வைத்திருக்கின்றன. ‘புருல்கான் தாள்’ என்று பெயராம்.

பின்பக்கத்தை நான் விளக்குவதில்லை. மனப்பாடம் செய்தால் போதும்.

மார்ச் 9, புதன்

சைகால் வந்தாள். 2013-ல் என்னிடம் படித்தவள், மீரிமின் அண்ணி. மெதுவாக நடந்தாள். ஒரு கை வயிற்றின் வலப் பக்கத்தைத் தாங்கியிருந்தது. இன்னொரு கையில் ஒரு கிண்ணம் பாலேடு.

ஈரலில் நீர்க்கட்டியாம். மூன்று வாரத்துக்கு முன் நகர மருத்துவமனையில் எடுத்திருக்கிறார்கள். கட்டி ஒரு குழந்தையின் தலை அளவு இருந்தது என்று அவள் இரண்டு கையாலும் காட்டினாள். ஏதோ சந்தையில் வாங்கிய தர்ப்பூசணியைக் காட்டுவது போல. ஆறு மாதம் மாத்திரை, பளு தூக்கக் கூடாது.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவள் சொன்னதை, ஆசிரியையைக் கூப்பிடுகிற அந்த ‘எஜே’யோடு, அப்படியே எழுதி வைக்கிறேன்.

“டாக்டர் கேட்டார் எஜே, இது எப்படி வருதுன்னு தெரியுமான்னு. உங்க தாளை அப்படியே ஒப்பிச்சேன். நாய் நாடாப்புழு, மூணு நாலு கண்டம், நாலு ஒட்டுறிஞ்சி, கொக்கி உண்டு, சரியா வேகாத இறைச்சி, ஈரல் வழியா மனுஷனுக்கு வரும். சுத்தி நின்ன சின்ன டாக்டருங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. கறியால இது வரவே வராதாமே. நாய் வெளிக்குப் போறதுல இருக்கிற முட்டை நம்ம வாய்க்குள்ள போனாத்தான் வருமாம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, நாய் எப்பலேருந்து முட்டை போடுதுன்னு கேக்குறார்.”

சிரித்தாள். சிரித்ததும் தையல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்த வாத்தியார் உனக்கு இதச் சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டார். எங்க எஜே சரியாத்தான் சொன்னாங்க, நாந்தான் மறந்து போய் மாத்திச் சொல்றேன்னு சொல்லிட்டேன். உங்க பேரக் கெடுத்துட்டேன், எஜே. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

நான் ‘பரவாயில்லை’ என்றேன்.

பரவாயில்லையாம். அவளை மன்னித்து அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 10

தவறு தாளில்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, ஞாயிறு

தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும்.

அட்டவணையில் மாட்டிறைச்சி நாடாப்புழு ஒரு வரிசை, அதன் கீழே நாய் நாடாப்புழு. நீளம், கண்டங்களின் எண்ணிக்கை, தலை, புழு தங்கி வாழும் முதல் ஓம்புயிர், இடைநிலை ஓம்புயிர் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். கடைசிப் பத்தியான ‘மனிதனை அடையும் வழி’க்கு மட்டும் இரண்டு வரிசைக்கும் சேர்த்து ஒரே கட்டம். ‘சரியாக வேகாத இறைச்சி, ஈரல் வழியாக.’ மேலே உள்ள புழுவுக்கு இறைச்சி வரை சரி. கீழே உள்ளதற்கு முழுத் தவறு. இரண்டையும் தனித்தனியாக எழுதினால் இரண்டாவது தாள் தேவைப்பட்டிருக்கும். ஒரே தாளில் அடக்கியதற்காகத்தான் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

தேர்வில் அந்தக் கடைசிப் பத்தியைக் கேட்பதே இல்லை. கொக்கி உண்டா, கண்டம் எத்தனை, ஓம்புயிர் எத்தனை, அவ்வளவுதான். அதனால் மதிப்பெண் யாருக்கும் போகவில்லை.

சைகாலின் கட்டிக்கு என் தாள்தான் காரணமா? நிரூபிக்க முடியாது. அவள் சிறுமியாக இருந்தபோதே முட்டை உள்ளே போயிருக்கலாம். இங்கே எந்த வீட்டில் நாய் இல்லை? இப்படி எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை உணர்வு, ஒளிந்துகொள்ள எவ்வளவு வசதியான இடம்.

மார்ச் 21, நூருஸ் புத்தாண்டு

தெருக்கோடியில் கோதுமைக் கஞ்சி கிளறினார்கள். பெண்கள் எல்லோரும் கொப்பரையைச் சுற்றி நின்றோம். சைகாலின் மாமியார் ஜூராகான்தான் துடுப்பைப் பிடித்திருந்தாள். சைகால் கிளறக் கூடாது என்பதால் சற்றுத் தள்ளி விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

யாரோ உடம்பு எப்படி என்று விசாரித்தார்கள். ஜூராகான் அதற்காகவே காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் இருந்தவரை, அறுத்த ஆட்டின் நுரையீரலில் நீர்க்கொப்புளம் இருந்தால் எடுத்துச் சாணி நெருப்பில் போட்டுவிடுவாராம். ஏன் என்று அவருக்கும் தெரியாது, அவர் அப்பா அப்படிச் செய்தார். அவர் போன பிறகு மருமகள் வந்தாள். கொப்புளம் விழுந்த நுரையீரல் பால் ஊற்றிச் சமைக்க ஆகாது, அதை எரித்து விறகை ஏன் வீணாக்க வேண்டும், மனிதர் தின்றால்தான் கெடுதல், நாய்க்குப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னாளாம்.

“நான் கேட்டுக்கிட்டேன். படிச்ச மருமகளாச்சே. ஏழு வருஷமா எங்க நாய்க்கு நுரையீரல் விருந்து. ராத்திரி இவ கையைத்தான் நக்கும். அதுக்கு நன்றி தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது.”

பெண்கள் சிரித்தார்கள். சைகாலும் சிரிக்கப் பார்த்தாள்.

“இப்ப இன்னொரு படிப்பு வேணுமாம். செப்டம்பர்ல தாதிக் கல்லூரிக்குப் போகணுமாம். முதல் படிப்பு ஈரலுக்குள்ள வந்து உக்காந்துச்சு, ரெண்டாவது எங்க உக்காருமோ. மனுவும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேன். என் மகனும் சரின்னுட்டான்.”

பிறகு துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்க வாத்தியாரம்மா. இவ ஒழுங்காப் படிச்சவதானா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சைகாலும் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. என்னிடமிருந்து ஒரு நல்ல சொல் வரும் என்று மட்டும் இருந்தது.

நான் சொன்னது: “நல்ல பொண்ணுதான். மறதி எல்லாருக்கும் வரும்.”

மார்ச் 22

மறதி எல்லாருக்கும் வரும் — மறதி எல்லாருக்கும் — எப்படி வாயில் வந்தது அது? யோசித்துச் சொல்லவில்லை. தயாராக இருந்திருக்கிறது. எத்தனை நாளாக?

மார்ச் 27

கெனேஷ் சாப்பாட்டு மேசையில் கேட்டார், ஏன் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று. சைகாலின் கிண்ணம். கழுவி அலமாரியில் வைத்திருக்கிறேன். வெறும் கிண்ணமாகத் திருப்பக் கூடாது, எதை வைத்துத் தருவது என்று யோசிக்கிறேன் என்றேன். “மிட்டாய் வை, இதுல என்ன ஆராய்ச்சி” என்றார்.

இருபத்தாறு வருடமாகக் கூட வாழும் கணவருக்கும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, சனி

இதை இதுவரை இந்த நோட்டிலும் எழுதவில்லை. யாரும் படிக்காத நோட்டில் கூட.

2012 செப்டம்பர். ஆசிரியர் அறை. தலைமையாசிரியர் என் தாளை நூற்றிருபது நகல் எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் புரட்டினேன். கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது. உடனே தெரிந்தது. பேனா கையில் இருந்தது. நூற்றிருபது தாளிலும் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, கீழே ‘நாயின் கழிவில் உள்ள முட்டைகள், கை, புல், தண்ணீர் வழியாக’ என்று எழுத இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஏன் திருத்துகிறீர்கள் என்று கேட்பார்கள். மூன்று வருடமாக இதையா கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள்.

தேர்வில் கேட்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினேன்.

அடுத்த வருடம் சைகால் அந்த நூற்றிருபதில் ஒன்றை வாங்கினாள்.

அதன்பின் பின்பக்கத்தை நான் வகுப்பில் படித்ததே இல்லை. மனப்பாடம் செய்யுங்கள் என்பேன். இப்போதுதான் புரிகிறது, அந்தப் பக்கத்தை நான் விளக்காமல் விட்டது சோம்பலால் அல்ல.

தெரியாமல் செய்தேன் என்றால் அது தவறு. தெரிந்த பிறகு பத்து வருடம் கொடுத்தேன் என்றால் அதற்கு என்ன பெயர்? இந்த மாதிரிக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் தருகிறவள்.

ஏப்ரல் 11, திங்கள்

புதிய தாள் தயாரித்தேன். இரண்டு தாள். கட்டத்தைப் பிரித்துவிட்டேன். வகுப்பில் ஒன்றும் சொல்லாமல் விநியோகித்தேன். பழையதைத் திருப்பித் தாருங்கள், இது தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். திருட்டுப் பொருளைத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறவளைப் போல.

மீரிம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் அப்படித்தான் செய்வாள், தெரியாதா எனக்கு.

“எஜே, பழைய தாள்ல வேற மாதிரி இருக்கே? எங்க வீட்ல அண்ணியோட தாளும் இருக்கு, பாத்திர அலமாரிக் கதவுல உள்பக்கம் ஒட்டி வச்சிருக்காங்க. அதுலயும் பழைய மாதிரிதான் இருக்கு.”

“அது அச்சுப் பிழை,” என்றேன்.

“பிழையா... அப்ப பரீட்சைக்கு எதப் படிக்கிறது?”

“புதுசை.”

அவள் தலையாட்டிவிட்டுப் புதியதைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தாள். பழையதைத் திருப்பித் தரவில்லை.

ஏப்ரல் 14

மதியம் தொலைபேசியில் சைகாலிடமிருந்து ஒரு படம். அலமாரிக் கதவு. பதினைந்து தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே, எண்ணெய் படிந்த பழைய தாள். அதன் பக்கத்திலேயே புதிய தாளைப் பிடித்திருக்கும் ஒரு கை. கட்டைவிரல் அந்தக் கட்டத்தின்மேல்.

ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 16

பதில் எழுதினேன், அழித்தேன். ஏழு முறை. எல்லா வரைவும் ‘உண்மையில்’ என்று ஆரம்பிக்கிறது. வெறுப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 20, புதன்

வகுப்பில் செரிமானம். தட்டைப்புழுவுக்கு ஒரே துவாரம். உணவு போகிற வாய் வழியாகவேதான் மிச்சமும் வெளியே வர வேண்டும். வேறு வழி அதன் உடம்பில் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவர்கள் முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சுண்ணக்கட்டி தேடுவதாக நினைத்திருப்பார்கள்.

இது வெட்கமா, பெயர் போய்விடும் என்ற பயமா? இரண்டையும் பிரிக்க முடிந்தால் நன்றாக இருக்கும். வெட்கம் என்றால் சைகாலைப் பற்றி நினைத்திருப்பேன். நான் நினைப்பதெல்லாம் அந்தச் சின்ன டாக்டர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று.

தாதிக் கல்லூரிக்கு மனுப் போடக் கடைசி நாள் ஜூன் முடிவு.

ஏப்ரல் 24, ஞாயிறு

போனேன். நானாகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் படம் வராவிட்டால் போயிருப்பேனா? தெரியாது.

கிண்ணத்தில் மிட்டாய் நிரப்பி எடுத்துப்போனேன். முற்றத்தில் நாய் குரைத்தது. அக்தோஷ். மார்பு மட்டும் வெள்ளை. இப்போது சங்கிலியில் கட்டியிருந்தார்கள். உள்ளே ஜூராகான், சைகால், மீரிம். சைகாலின் கணவன் ஆட்டுக்கிடைக்குப் போயிருந்தான். ஜூராகான் விரிப்பில் ரொட்டி வைத்து, தேநீர் ஊற்ற ஆரம்பித்தாள். கோப்பையில் கால்வாசிதான், விருந்தாளிக்கு ஊற்றுகிற அளவு. குடித்துவிட்டு நீட்ட நீட்ட ஊற்ற வேண்டும் என்ற மரியாதையோடு.

நான் குடிக்கவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. தாளில் பிழை என்றேன். சைகால் எதையும் மறக்கவில்லை, நான் எழுதியதைத்தான் படித்தாள் என்றேன். கோவையாக வரவில்லை. ஓம்புயிர், இடைநிலை என்று ஏதேதோ சொன்னேன்.

“மெதுவாச் சொல்லுங்க,” என்றாள் ஜூராகான். “நான் படிக்காதவ. இவ தப்பாப் படிக்கல, நீங்க தப்பா எழுதினீங்க. அதுதானே?”

“ஆமா.”

“தெரியாம எழுதினது.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவளே கதவைத் திறந்து வைத்தாள். சைகால் கோப்பையின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி.

“எழுதும்போது தெரியாது. அப்புறம் தெரியும். இவ படிக்க வர்றதுக்கு முந்தின வருஷமே தெரியும். திருத்தல.”

ஜூராகான் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்குக் கொப்பரைகிட்ட அத்தனை பொம்பளைங்க முன்னாடி உங்கிட்டதானே கேட்டேன். மறதி எல்லாருக்கும் வரும்னு சொன்னியே.”

‘நீங்க’ போய்விட்டது.

“சொன்னேன்.”

“என் மருமக வாயை மூடிக்கிட்டு விறகு மேல உக்காந்திருந்தா. அதையும் பாத்துக்கிட்டுதானே சொன்ன?”

“ஆமா.”

அவள் சைகால் பக்கம் திரும்பினாள். “கேட்டியாடி? நீ ஒழுங்காத்தான் படிச்சிருக்க.” குரலில் அன்பு எதுவும் இல்லை. அறுத்த ஆட்டை இத்தனை கிலோ என்று சொல்கிற குரல். பிறகு என் கோப்பையை எடுத்து, ஆறிய தேநீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஊற்றினாள். விளிம்பு வரை. இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழியும்.

இந்த நாற்பத்தொன்பது வயதுவரை எனக்கு யாரும் கோப்பை நிறைய ஊற்றித் தந்ததில்லை. இதோடு போய்விடு என்று இதைவிடச் சுத்தமாகச் சொல்ல எங்கள் ஊரில் வேறு வழி கிடையாது. குடித்தேன். நாக்கு வெந்தது. ஜூராகான் மிட்டாயை என் பையிலேயே திருப்பிக் கொட்டி, கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

சைகால் வாசல் வரை வந்தாள். எஜே என்று எங்களைக் கூப்பிடுகிறார்கள், சொந்த அக்காவைக் கூப்பிடுகிற அதே சொல். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் அதை எதிர்பார்த்து நின்றேன்.

“அந்த டாக்டருங்க சிரிச்சப்ப அத உங்களுக்காகத்தான் வாங்கிக்கிட்டேன்,” என்றாள். அவ்வளவுதான். எஜே இல்லை.

ஏப்ரல் 29, வெள்ளி

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும், ஊர் பார்க்கத் திருத்தம் ஒட்டப் போவதையும் சொன்னேன். வகுப்பில் வாயால் சொன்னால் போதாதா, மாவட்ட விருதுக்கு உங்கள் பெயரை அனுப்பியிருக்கிற நேரத்தில் எழுதி ஒட்ட வேண்டுமா என்று கேட்டார். விருதை நம்பியவள் இல்லை நான். ஆனாலும் அவர் அதைச் சொன்ன கணத்தில் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்கப் போனேன். குறித்து வைக்கிறேன்.

கடைக் கதவில் ஒட்ட ஒரு தாள் எழுதினேன். ‘2009 முதல் பதினோராம் வகுப்புக்கு நான் தந்த தட்டைப்புழுத் தாளில் தவறு இருக்கிறது. நீர்க்கட்டி நோய் இறைச்சியால் வருவதில்லை. நோய் கண்ட நுரையீரல், ஈரலைத் தின்ற நாயால் வருகிறது. அவற்றை நாய்க்குப் போடாதீர்கள். எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். நாயைத் தொட்ட கையைக் கழுவுங்கள். பழைய தாள் வைத்திருப்பவர்கள் என்னிடம் தாருங்கள். 2012 முதல் இந்தத் தவறு எனக்குத் தெரியும்.’ கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.

கெனேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைக்கான தாளை இரண்டு தடவை படித்தார். “மெடல் தொங்கும்னு ஊரே எதிர்பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப நீயே தொங்கப் போற, கடைக் கதவுல.” பிறகு எழுந்து சுத்தியலை எடுத்தார். “பசை நிக்காது. காத்துல பிச்சுக்கிட்டுப் போயிடும். ஆணி அடிக்கணும்.”

மே 3

கடையில் ஒரு கிழவர், ஆட்டுக்கிடைக்காரர், தாளைப் பேரப்பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே வரும்போது பிடித்துக்கொண்டார். “நுரையீரலப் போடாதேன்னா சரி. நாய் என்னைக் கேக்குமே, அதுக்கு நீ வந்து பதில் சொல்வியா?” என்றார். சிரித்தார்கள். என்னாலும் சிரிக்க முடிந்தது. அப்புறம் அவர் சிரிக்காமல் கேட்டார், தன் தம்பி மகளுக்கும் ஈரலில் இதுதானே என்று. யார் அவள், என்னிடம் படித்தவளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை.

மே 10

இதுவரை முப்பத்தோரு தாள் வந்திருக்கிறது. சிலர் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள். ஒன்று ஊறுகாய் அலமாரிக்கு விரித்தது, வட்டம் வட்டமாகக் கறை. ஒன்றில், 2015 என்று போட்டிருக்கிறது, அந்தக் கட்டத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறிய கேள்விக்குறி. யாரோ ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. எஜே தப்பாக எழுதுவாளா என்று விட்டிருப்பாள்.

அந்தத் தாளை மட்டும் இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மே 15, ஞாயிறு

பொதுத்தேர்வு. மீரிம் வெளியே வந்து சொன்னாள். தட்டைப்புழுவில் ஒரே கேள்விதான், சுடர் செல்லின் வேலை என்ன. கழிவு நீக்கம், நீர்ச் சமநிலை. எழுதிவிட்டாளாம்.

கடைசிக் கட்டத்தை இந்த வருடமும் கேட்கவில்லை.

ஜூன் 21

விருது பக்கத்துப் பள்ளி இயற்பியல் ஆசிரியருக்கு. நல்ல மனிதர்.

ஜூன் 28, செவ்வாய்

மீரிம் மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தாள். போகும்போது, ஏதோ மறந்ததை நினைவுகூர்வது போலச் சொன்னாள்: “அண்ணி மனுப் போட்டுட்டாங்க. ஃபோட்டோ எடுக்க எங்க அம்மாதான் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. படம் நல்லா வரலன்னு கடைக்காரன்கிட்ட சண்ட போட்டு ரெண்டாந்தரம் எடுக்க வச்சாங்க.”

நான் சரி என்றேன். இதை என் கணக்கில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

செப்டம்பர் 5

வண்டி நிறுத்தத்தில் சைகால். புதுப் பை. கணவன் பையைத் தூக்கி வைத்தான், அவள் இன்னும் தூக்கக் கூடாது. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும்.

அக்டோபர் 12

இந்த வருடத் தட்டைப்புழுப் பாடத்தை முன்னதாகவே எடுத்துக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கடைசிப் பத்தி முதலில். என் கதையையும் சொன்னேன், சுருக்கமாக. பிறகு தாளில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒருத்தி கேட்டாள், நாடாப்புழுவுக்குக் குடலே இல்லையே, பிறகு எப்படி அது சாப்பிடுகிறது என்று. தோலால், என்றேன்.

நவம்பர் 12, சனி

காலையில் ஜூராகானிடமிருந்து அழைப்பு. வணக்கமும் இல்லை, நலமும் இல்லை. “இன்னிக்குக் குளிர்காலக் கறிக்கு ஆடு மாடு அறுப்பு. மண்வெட்டி எடுத்துட்டு வா.” வைத்துவிட்டாள்.

போனபோது நான்கு ஆடு அறுத்திருந்தார்கள். மாடு இன்னும் நின்றுகொண்டிருந்தது. இரண்டு நுரையீரலில் கொப்புளம். ஒரு தகரத் தொட்டியில் போட்டு வைத்திருந்தாள். அக்தோஷ் சங்கிலியை இழுத்து ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஆண்கள், வாத்தியாரம்மா யாருக்குக் குழி தோண்டுறாங்க என்று கேட்டுச் சிரித்தார்கள். தரை மேலாக ஒரு சாண் உறைந்திருந்தது. முழங்கால் ஆழம் போவதற்குள் முதுகு போய்விட்டது.

“முதல்ல எரி,” என்றாள் ஜூராகான் பின்னாலிருந்து. “என் வீட்டுக்காரர் எரிப்பார். எரிச்சிட்டுப் புதை.” சாணி வறட்டியை அவளே அடுக்கினாள். கொப்புளங்கள் நெருப்பில் வெடிக்கும் சத்தத்தை இருவரும் நின்று கேட்டோம். சாம்பலையும் மிச்சத்தையும் தள்ளி மண்ணை மூடினேன்.

கை கழுவத் தண்ணீர்க் கெண்டியோடு சைகால் வந்தாள். கல்லூரியிலிருந்து இரண்டு நாள் விடுப்பாம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். என் கைமேல் ஊற்றினாள். ஒருமுறை, இரண்டாம் முறை. நான் கையை உதறினேன்.

“இருங்க,” என்றாள். “நகத்துக்கு அடியிலயும் தேய்ங்க, எஜே.”

தேய்த்தேன். மூன்றாம் முறை ஊற்றினாள்.

உள்ளே விரிப்பில் இடம் விட்டிருந்தார்கள். ஜூராகான் தேநீர் ஊற்றித் தந்தாள். கோப்பையின் அடியில் கொஞ்சமே கொஞ்சம். மூன்று முறை நீட்டினேன்.